சொல்லச் சொல்ல எழுதுகிறவர்

நல்லசிவத்தின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் குன்னூரில் யாரும் சும்மா போனதில்லை. ரேஷன் கார்டு விண்ணப்பமா, கல்யாணப் பத்திரிகை உறையா, மகளிர் சங்கத்துத் தீர்மானமா, பெட்போர்டு வட்டாரத்தில் எதுவானாலும் "நல்லசிவத்துக்கிட்டக் குடுங்க" என்பார்கள். அவரும் சலிக்காமல் எழுதித் தருவார். சலிப்பென்ன சலிப்பு, யாராவது கேட்க மாட்டார்களா என்று பேனாவில் மை போட்டுக் காத்திருக்கிற ஆள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அன்னூரிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்தபோது அவர் கையில் ஒரு பி.யு.சி. சர்ட்டிபிகேட்டும் அந்தக் கையெழுத்தும்தான் இருந்தன. வேலை வாங்கிக் கொடுத்தது சர்ட்டிபிகேட் அல்ல.

வேலை, தேயிலையை ஏலத்துக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியின் ருசி பார்க்கும் அறையில். நீளமான மேடையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஃபாக்டரியின் தேயிலைச் சாயம், பாலும் கிடையாது சீனியும் கிடையாது. கீர்த்திவாசன் சார் ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரு கரண்டி எடுத்து, தெருமுனை வரை கேட்கிற சத்தத்தில் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, தொட்டியில் துப்பிவிட்டு, கோப்பையின் நம்பரையும் இரண்டு வார்த்தையையும் சொல்வார். "பதினாலு. கலர் உண்டு, காரம் இல்ல." அடுத்த கோப்பை. "பதினஞ்சு. புகை." அடுத்தது. "பதினாறு. சப்பை." நல்லசிவம் நோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து எழுத வேண்டும். சார் திரும்பி வர மாட்டார், இன்னொரு தடவை சொல்லவும் மாட்டார். ஒரு காலைப்பொழுதில் முந்நூறு கோப்பை.

தேயிலை விலை விழுந்த வருஷம் அந்த முந்நூறு, நூறாயிற்று. ஏலத்துக்குப் போன சரக்கில் பாதி, கேட்பாரில்லாமல் திரும்பி வந்தது. கட்டபெட்டுப் பக்கம் ஃபாக்டரிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடின. சில தோட்டங்களில் இலை பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று செடியை அப்படியே விட்டார்கள், அது இடுப்புக்கு மேல் வளர்ந்து காடாகிக்கொண்டிருந்தது. கம்பெனி நல்லசிவத்தை வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்றது. மற்ற நாட்களில் அவர் வீட்டில் இருந்தார். பட்டப்பகலில் தன் வீடு எப்படி இருக்கும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. பதினொரு மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அரிசிப் பானைமேல் விழும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

ஒரே மகள் ராஜப்ரியா. ஒன்பதாவது. தன் எழுத்தை மகளுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்பது நல்லசிவத்தின் ஆசை. அவளுடைய ஐந்தாம் வயதிலிருந்து தினமும் காலையில் இரண்டு பக்கம் பார்த்து எழுத வைப்பார். பேப்பர், பஞ்சாங்கம், சோப்பு உறை, எது கிடைத்தாலும் சரி. எழுத்தின் வளைவு, வரியின் நேர், ஓரத்து இடைவெளி எல்லாவற்றையும் பார்ப்பார். அவளும் குனிந்த தலை நிமிராமல் எழுதுவாள். கையெழுத்துப் போட்டியில் மூன்று வருஷம் முதல் பரிசு. மூன்று சான்றிதழும் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கின. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் அதைத்தான் காட்டுவார்.

அந்த மகளுக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. வரச் சொன்னது தலைமையாசிரியை யூனிஸ். அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர், கண்டிப்பானவர் என்று பெயர். நல்லசிவம் இன்னொரு பரிசாக இருக்கும் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மழையில் போனார்.

"உக்காருங்க சார். உங்க பொண்ணோட காலாண்டு சயின்ஸ் பேப்பர். பாருங்க."

வாங்கிப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு எழுத்து வரியை விட்டு இறங்கவில்லை.

"நல்லா எழுதியிருக்காளுங்களே மேடம்."

"எழுத்தப் பாக்காதீங்க. படிச்சுப் பாருங்க."

படித்தார். ஒன்று, ஒளிச்சேர்க்கை என்றால் என்ன? இரண்டு, செரித்தல் எவ்வாறு நடைபெறுகிறது? மூன்று, நான்கு, ஐந்து. அடுத்த பக்கத்திலும் அதே. கேள்வித்தாள் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை முத்து முத்தாகத் திருப்பி எழுதியிருந்தாள். ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. 'அனைத்து வினாக்களுக்கும் விடையளி' என்பதையும் விடவில்லை.

"அஞ்சு பாடத்துலயும் இதேதான்," என்றார் யூனிஸ். "எட்டாவது வரைக்கும் எழுத்தப் பாத்தே மார்க்கு போட்டு ஏத்தி விட்டிருக்காங்க. இவ்வளவு அழகா எழுதுற பிள்ளைக்குப் பதில் தெரியாதா? இது திமிரு சார். டீச்சருங்கள கிண்டல் பண்றா. அரையாண்டுலயும் இப்படித்தான்னா நீங்க டி.சி. வாங்கிக்குங்க. தையல் படிக்கட்டும். பத்தாவதுக்கு என்னால அனுப்ப முடியாது."

நல்லசிவத்துக்குத் திரும்பி வந்த வழி தெரியவில்லை. அன்றைக்கு அவர் போட்ட சத்தம் எதிர்ச் சரிவு வரைக்கும் கேட்டிருக்கும். ராஜப்ரியா சுவரில் சாய்ந்து நின்று தன் கால் கட்டைவிரலையே பார்த்தாள். "ஏன் பதில் எழுதல? சொல்லு!" என்று பத்துத் தடவை கேட்டார். அவர் மனைவி சுசீலா இருந்த அடுப்படியில் அன்று பாத்திரங்கள் வைக்கப்படவில்லை, போடப்பட்டன.

மறுநாள் மழைக்கு லீவு விட்டிருந்தார்கள். நல்லசிவத்துக்கும் வேலை இல்லாத நாள். முன்னறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவருக்கு அடுப்படிப் பேச்சு காதில் விழுந்தது. சுசீலா பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டே புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பத்தி படித்து நிறுத்தினாள்.

"இப்பச் சொல்லு சாமி."

"நாம மெல்லறப்பவே சோறு எச்சில்ல ஊறி மாவாட்டம் ஆயிருதும்மா. அதுலயே பாதி வேலை முடிஞ்சிருது. அப்பறம் கொழாய் வழியா எறங்கி வயித்துக்குப் போகுது. அங்க ஒரு அமிலம் ஊறுது. அது இல்லீன்னா கறி மாதிரி கெட்டியானது எதுவும் கரையாது. அந்த அமிலத்துக்கு வயிறே கரைஞ்சு போயிரக் கூடாதுன்னு உள்ள வழவழன்னு ஒரு பூச்சு இருக்குது."

"அது புஸ்தகத்துல இல்லியே?"

"ரோஸ்மேரி டீச்சர் போன வாரம் சொன்னாங்கம்மா."

நல்லசிவம் எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றார். பேச்சு நின்றது.

"இத்தன தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏன் கண்ணு எழுதல?" இப்போது அவர் சத்தம் போடவில்லை.

மகள் அம்மாவைப் பார்த்தாள். சுசீலா மடியிலிருந்த பட்டாணித் தோலை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவளுக்குப் படிக்க வராதுங்க."

"என்ன உளர்றே? மூணு பிரைஸு வாங்கியிருக்கா."

"எழுதறதுக்கு வாங்கினாளுங்க. படிக்கறதுக்கு வாங்கல."

அவர் நம்பவில்லை. அடுப்பு மேடையில் கிடந்த பழைய பேப்பரை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். "இத எழுது." ராஜப்ரியா பென்சில் எடுத்து, பேப்பரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து, பூக்கோலம் போடுகிறவளைப் போல நிதானமாக எழுதி முடித்தாள். அச்சு அசல்.

"இப்ப இத வாசி."

அவள் உதடு அசைந்தது. "நீ... ல... நீலகி..." நின்றது. மறுபடி ஆரம்பித்தது. நெற்றியில் வேர்த்தது, அந்தக் குளிரில்.

"ஒண்ணொண்ணாப் பாத்தா எழுத்து தெரியுதுங்கப்பா. வரியாப் பாத்தா எல்லாம் மொசமொசன்னு நவுந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிருது. எழுதறது வேற. அது படம் வரையறதாட்ட. அது எனக்கு வரும். பாக்காம நானா எழுதப் போனா எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துன்னு தெரியறதில்லீங்க."

"அப்பப் பரீட்சையில எதுக்குக் கேள்வியத் திருப்பி எழுதினே?"

"நீங்கதானுங்கப்பா சொன்னீங்க," என்றாள் ராஜப்ரியா. "தாள எப்பவும் சும்மா வெக்கக் கூடாது, எதயாவது பாத்து அழகா எழுதோணும்னு. அங்க பாத்து எழுதறதுக்கு அது மட்டும்தான் இருந்துச்சு."

நல்லசிவம் ஒன்பது வருஷமாகக் காலை காலை எழுத வைத்திருக்கிறார். வளைவு பார்த்திருக்கிறார், ஓரம் பார்த்திருக்கிறார். எழுதினதை ஒருநாளாவது வாசித்துக் காட்டு என்று கேட்டதில்லை.

"நீயாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?" என்றார் மனைவியிடம்.

"எப்படிங்க சொல்றது? ஊரே உங்க எழுத்தப் பேசுது. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அந்தக் கண்ணாடியக் காட்டிக்காட்டி நீங்க அத்தன சந்தோசப்பட்டீங்க. எனக்கு வாய் வரலீங்க. மூணாங் கிளாசுலேயே கண்டுபிடிச்சுட்டேன். அப்பப் புடிச்சு நான் படிக்கறது, அவ கேக்கறதுன்னு ஓட்டிட்டு வர்றோம். நீங்க வேலைக்குப் போயிருவீங்க, உங்களுக்குத் தெரியல."

அவருக்கு அழுகை வந்தது. மகள் முன்னால் அழக் கூசி, குடையைக்கூட எடுக்காமல் வெளியே போய் மழையில் நின்றார். மழையில் நின்றால் யாருக்குத் தெரியப் போகிறது. சுசீலாவுக்குத் தெரிந்தது. துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து தலையில் போட்டு, "உள்ள வாங்க, பட்டாணி போட்டு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருக்கறேன்," என்றாள். மூன்று பேரும் அடுப்பு ஓரத்திலேயே உட்கார்ந்து நெய் விட்டுச் சாப்பிட்டார்கள். ஆறு வருஷமாக மகளோடு சேர்ந்து பூட்டி வைத்திருந்த ரகசியம் வெளியே வந்துவிட்டதில் சுசீலாவுக்கு ஏதோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று இரண்டாம் தடவை சோறு கேட்டுப் போட்டுக்கொண்டாள்.

அறிவியல் டீச்சர் ரோஸ்மேரி பக்கத்துச் சரிவில்தான் குடியிருந்தார். சாயங்காலம் குடும்பத்தோடு போய்ச் சொன்னார்கள். ரோஸ்மேரி வாய்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அதானா! கிளாஸ்ல வாயால கேட்டா டக்கு டக்குன்னு சொல்லுவா. பரீட்சைன்னா இப்படி. நானும் சேர்ந்து சோம்பேறின்னு திட்டியிருக்கேன், என்னை மன்னிச்சிரு பாப்பா. போன லீவுல கோயமுத்தூருல ஒரு பயிற்சி போட்டாங்க. இதுக்குன்னு பேரு இருக்கு, டிஸ்லெக்ஸியாம்பாங்க. மூளையில குறையெல்லாம் இல்ல, கண்ணுலயும் இல்ல. படிக்கிற வழி மட்டும் வேற. டாக்டர் பாத்துச் சர்ட்டிபிகேட் குடுத்தா, பத்தாவது பரீட்சையில கேள்வியப் படிச்சுக் காட்டவும் சொல்றத எழுதவும் ஒரு ஆள் தருவாங்க. ஆனா பள்ளிக்கூடத்துலருந்து பேப்பர் போகணும். அதுக்கு மேடம் நம்பணும்."

மேடம் லேசில் நம்புகிறவர் இல்லை. நல்லசிவமும் ரோஸ்மேரியும் மறுநாளே போய் நின்றார்கள். யூனிஸ் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"இந்தக் கையெழுத்த வச்சுக்கிட்டு எழுத வராதுன்னு சொன்னா யார் சார் நம்புவாங்க? அதும்போக, இவ சொல்லி இன்னொருத்தர் எழுதினா அது யாரோட பரீட்சை?"

நல்லசிவம் பெரிய இடங்களில் பேசிப் பழக்கமில்லாதவர். பேச்சு வந்தது, எங்கிருந்து வந்ததோ.

"மேடம், எங்க கீர்த்திவாசன் சார் ஒரு நாளைக்கு முந்நூறு கப்பு ருசி பாக்கறவருங்க. அவரு சொல்ற சொல்லுல சரக்கு வெல ஏறும், எறங்கும். ஆனா ஒரு சொல்லக்கூட அவரு எழுதினதில்லீங்க. பத்தொம்பது வருசமா நாந்தான் எழுதறேன். அதுக்காக ருசி பாத்தது நல்லசிவம்னு யாராச்சும் சொல்லுவாங்களா? ருசி அவரு நாக்குல இருக்குதுங்க. எங்கிட்ட இருக்கறது பேனா."

யூனிஸ் மேஜைமேல் கிடந்த அரையாண்டு டைம்டேபிளை எடுத்துப் பார்த்தார்.

"அரையாண்டு சயின்ஸ் ஒண்ணு மட்டும். எழுதுறது நான். ரோஸ்மேரி எழுதினா பாவப்பட்டுச் சேர்த்து எழுதிடுவாங்க. அவ தேறினா பேப்பர் அனுப்புறேன். இல்லேன்னா டி.சி.தான், அப்ப இங்க வந்து அழக் கூடாது."

நான்கு வாரம் இருந்தது. அந்த நான்கு வாரம் அந்த வீட்டில் நடந்தது ஒரு கூத்து. சுசீலா கேள்வியைப் படிப்பாள், ராஜப்ரியா சொல்வாள், நல்லசிவம் எழுதுவார். வேலை குறைந்து போனது இப்போது வசதியாகப் போயிற்று. மதியத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வர்க்கியும் டீயும் நடுவில் இருக்கும். வெளியே மூடுபனி வேலியைத் தின்றுகொண்டு வாசல்வரை வரும்.

முதல் நாளே தகராறு. "எழுதினதப் படிச்சுக் காட்டுங்க," என்றாள் மகள். நல்லசிவம் கம்பீரமாகப் படித்தார்: "உணவானது வாயில் உமிழ்நீருடன் கலந்து கூழ்மமாகி..."

"நான் அப்படியா சொன்னேன்?"

"இப்படிச் சொன்னா இன்னும் நல்லாருக்குமல்ல கண்ணு?"

"எச்சில்ல ஊறி மாவாட்டம் ஆகுதுன்னு சொன்னேன். உங்க சார் 'சப்பை'ன்னு சொன்னா நீங்க 'சுவை சற்றே குறைவு'ன்னு எழுதுவீங்களா?"

சுசீலா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. நல்லசிவத்துக்கு மூக்கே உடைந்துவிட்டது. எழுதியதை அடித்தார். அவர் எழுத்தில் அடித்தல் விழுந்து எத்தனையோ காலம்.

அப்புறம் அவர் அடங்கினார். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. பாதி வாக்கியத்தில் நிறுத்துவாள், முன்னால் சொன்னதுக்கு ஓடுவாள், ஐந்தாம் கேள்வியின் பதிலை மூன்றாம் கேள்வியில் கொட்டுவாள். "சார் எப்பவும் நம்பரத்தான் மொதல்ல சொல்லுவாரு," என்றார் நல்லசிவம். "நம்பரு, அப்பறம் விசயம். விசயத்த மனசுக்குள்ள ஒருக்காச் சுத்த உடு. அதுக்கு நேரம் எடுத்துக்கோ, தப்பில்ல. வாயத் தொறந்துட்டா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிரோணும். சொன்னதுக்கே திரும்பி வரக் கூடாது." அவள் எழுந்து நின்று அறையில் மேலும் கீழும் நடந்துகொண்டே சொல்லிப் பழகினாள். நடந்தால் நன்றாக வந்தது. நல்லசிவமும் பழக்கதோஷத்தில் நோட்டோடு பின்னாலேயே நடந்தார். பக்கத்து வீட்டு மாரியாயி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பனும் மகளும் என்ன சாமி சுத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அரையாண்டுப் பரீட்சை டிசம்பர் நடுவில் வந்தது. அன்று காலை புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. சுசீலாவும் நல்லசிவமும் தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. மகளின் குரல் கேட்டது, சொல் புரியவில்லை. குரல் கதவுப் பக்கம் வரும், ஜன்னல் பக்கம் போகும்.

"நடக்கறாளுங்க," என்றாள் சுசீலா. "நடக்க உட்டிருக்காங்க."

ஒரு தடவை குரல் நின்றது. நின்றது நின்றதுதான். சுசீலா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுக்குள்ள சுத்த உடறா," என்றார் நல்லசிவம், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. அவருக்கு டி.சி., தையல் மெஷின், இன்னும் என்னென்னவோ கண்முன் வந்தன. பிறகு குரல் மறுபடியும் கிளம்பியது, வேகமாக, முன்னைவிடத் தெளிவாக.

கதவு திறந்தபோது யூனிஸ் வலது கையை உதறிக்கொண்டே வந்தார். விரலெல்லாம் மை.

"கை ஒடிஞ்சு போச்சு சார். பதினெட்டுப் பக்கம். எச்சில்ல ஊறின்னு சொன்னா. உமிழ்நீர்னு போடட்டுமாம்மான்னு கேட்டேன். 'நான் சொன்னதயே எழுதுங்க மேடம்'ங்கிறா. என்னயே!"

"ஐயோ மேடம், தெரியாம..." என்று நல்லசிவம் எழுந்தார்.

"உக்காருங்க. ரோஸ்மேரி திருத்தட்டும், ஆனா மார்க்கு எனக்கு இப்பவே தெரியும். எழுதினது நானாச்சே. இவ்வளவும் தெரிஞ்ச பிள்ளையத் தையலுக்கு அனுப்பப் பாத்தேன்." அவர் குரல் இறங்கியது. "திமிருன்னு சொன்னதத் திரும்ப வாங்கிக்கிறேன் சார்."

சுசீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராஜப்ரியா கதவில் சாய்ந்து, தொண்டை கட்டிப்போய், தண்ணீர் கேட்டாள்.

யூனிஸ் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். சர்ட்டிபிகேட்டுக்கு டாக்டரிடம் போக வேண்டும், அதோடு கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனுவும் போக வேண்டும். "நீங்களே எழுதுங்க சார், உங்க எழுத்துக்கு என்ன," என்று வெள்ளைத்தாளை நீட்டினார். நல்லசிவம் பேனாவைத் திறந்து, 'மேன்மை தங்கிய' என்று மனசுக்குள் ஆரம்பித்தார். பிறகு பேனாவைத் தாள்மேல் வைத்தபடி மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ சொல்லு கண்ணு."

ராஜப்ரியா யூனிஸைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு தடவை நடந்துவிட்டு ஆரம்பித்தாள்.

"என் பேரு ராஜப்ரியா. ஒம்பதாவது படிக்கறேன். என் எழுத்து அழகா இருக்கும். அதப் பாத்து எனக்குப் படிக்க வரும்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. எனக்குப் படிக்க வராது. சொன்னாப் புரியும், கேட்டாச் சொல்லுவேன்."

நல்லசிவம் எழுதிக்கொண்டு வந்தார்.

"எங்க அப்பா எனக்கு ஒம்பது வருசம் எழுதச் சொல்லிக் குடுத்தாரு. எனக்கு வாசிக்க வருதான்னு ஒரு நாள்கூடக் கேக்கல."

சுசீலா தரையைப் பார்த்தாள். யூனிஸ் மெல்லக் கனைத்தார்.

"சார், அந்த வரி வேண்டாம். ஆபீசுக்குப் போற பேப்பர். நாலு பேர் பாப்பாங்க."

"இருக்கட்டுங்க மேடம்," என்றார் நல்லசிவம். எழுதினார். வழக்கம்போல ஓரம் விட்டு, வரி இறங்காமல், ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக எழுதினார். எழுதி முடித்து, தலை நிமிராமல், "அப்பறம்?" என்றார்.

"இப்பக் கேட்டுட்டாரு," என்றாள் மகள்.

அதையும் எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்.

"அவ்வளவுதானுங்கப்பா."